சீயஸுக்கு இணைச்சீர் செய்தது யார்?

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு மாதம் ஒருமுறை பழைய பேப்பர் மூட்டை வந்து இறங்கும். மடித்த பனியன்களை டஜன் டஜனாக அந்தத் தாளில் சுற்றித்தான் பெட்டியில் அடுக்குவார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. திருப்பூரில் அப்போதே தெருவுக்கு இரண்டு கம்பெனி இருந்தது. எனக்குக் கடிதம் எழுதும் வேலை. கல்கத்தா வியாபாரிக்கும் பம்பாய் வியாபாரிக்கும் தங்கள் மேலான கடிதம் கிடைத்தது என்று இங்கிலீஷில் எழுதி எழுதி, என் இங்கிலீஷே கைகட்டி நிற்கும் இங்கிலீஷாகிவிட்டது.

ஒரு மாதம் அந்த மூட்டையில் தடிமனான இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வந்தது. மேலட்டை இல்லை, முதல் பத்துப் பன்னிரண்டு பக்கங்களும் இல்லை. யார் எழுதியது, என்ன பெயர், எதுவும் தெரியாது. உள்ளே கிரேக்க நாட்டுச் சாமிகளின் கதைகள். நடுவில் நாலாக மடித்து ஒட்டிய ஒரு பெரிய தாள். விரித்தால் அந்தச் சாமிகளின் வம்சம் முழுக்க, யார் யாருக்குப் பிறந்தார்கள், யாரை யார் கட்டினார்கள் என்று கோடு கோடாக இறங்கியது. பேக்கிங்கில் இருப்பவர்கள் கிழிப்பதற்குள் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அறிவுத் தாகம் என்றெல்லாம் சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க எனக்கு ஒன்றும் இல்லை. கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஓர் அறை வாடகைக்கு இருந்தேன். ஆறு நாளும் மெஷின் சத்தத்தில் எரிச்சலாக வரும். ஏழாம் நாள் அந்தச் சத்தம் இல்லாமல் எரிச்சல் இன்னும் கூடும். மற்றவர்கள் சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். எனக்கும் ஊர் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. அதுதான் சிக்கல்.

நான் பிறந்தது தாராபுரத்துப் பக்கம். ஆறு வயதில் என்னை வெள்ளகோவில் பக்கம் இருந்த பெரியப்பாவுக்குத் தத்துக் கொடுத்தார்கள். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. எங்களில் தத்தெடுத்தால் பிள்ளைக்கு மஞ்சள் தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, பெரியம்மா மடியில் என்னை வைத்து ஒரு கிண்ணம் மஞ்சள் தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். கசந்தது. அதைக் குடித்து முடித்தபோது பெரியப்பா அப்பாவாகிவிட்டார், பெரியம்மா அம்மாவாகிவிட்டார். காலையில் எனக்குத் தலை வாரிவிட்ட அம்மா, சாயங்காலம் சின்னம்மா. அப்பா, சித்தப்பா. தப்பாகக் கூப்பிட்டால் எல்லோரும் சிரித்துத் திருத்தினார்கள். நான் இரண்டு மூன்று நாள் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே இருந்தேன்.

மாறாத ஒரே ஆள் அக்கா. பெரியப்பா பிள்ளையானாலும் சித்தப்பா பிள்ளையானாலும் அக்கா அக்காதான். அவளுக்கு அப்போது பதினொரு வயது. நான் வண்டி ஏறும்போது ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நாஞ் சொல்றதக் கேளு கண்ணு. ஆரை வேணும்னாலும் மாத்திக் கூப்புடு. என்னைய மட்டும் மாத்தாத" என்றாள். வண்டிக்காரர் சிரித்தார். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை.

பிறகு வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ விசேஷங்களில் பார்ப்பேன். நான் பத்தாவது படிக்கும்போது பெற்றவர்கள் இருவரும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். இரண்டு சாவுக்கும் நான் பங்காளி வீட்டுப் பையனாகத்தான் போய் நின்றேன். கொள்ளி வைத்தது வேறு ஒருவர். அக்கா மட்டும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்து வளர்த்த அம்மாவின் முகம் போன போக்கு எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதன்பின் அக்கா வீட்டுப் பேச்சை எடுத்தாலே அம்மாவுக்கு வேறு வேலை வந்துவிடும்.

இப்படிப்பட்ட ஒருவன் கையில் அந்த வம்சத் தாள் கிடைத்தால் என்ன செய்வான்? ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பெட்டி செய்யும் அட்டையின் பின்பக்கம் அதைத் தமிழில் எழுதினேன். இங்கிலீஷில் அங்கிள் என்றும் கசின் என்றும் போட்டிருந்ததெல்லாம் எனக்கு முறை ஆகவில்லை. மாமனா, சித்தப்பனா, பங்காளியா, மச்சானா என்று தெரிந்தாக வேண்டும். எழுத எழுதத் தலை சுற்றியது. குரோனஸ் என்ற தகப்பன் பிறக்கிற பிள்ளையை எல்லாம் விழுங்கினான். தப்பிப் பிழைத்த கடைசி மகன் சீயஸ், விழுங்கியவர்களைக் கக்க வைத்து வெளியே கொண்டுவந்து, அதில் ஒருத்தியையே கட்டிக்கொண்டான். ஹீரா அவனுக்கு உடன்பிறந்தவளும் பெண்டாட்டியும். அவர்கள் பிள்ளைக்கு அவள் அம்மாவா, அத்தையா? எப்படிப் போட்டாலும் ஒரு கோடு இன்னொன்றின் மேல் ஏறியது.

அட்டையைச் சுவரில் மாட்டி வைத்தேன். என் அறைக்குக் கத்தரிக்கோல் சாணை பிடிக்கிற கல்லை வாங்க வந்த கட்டிங் மாஸ்டர் அதையே வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இதாருங்க? உங்க பங்காளிகளுங்களா?"

"இல்லீங்க. கிரேக்க நாட்டுச் சாமிங்க."

"எந்தக் கூட்டமுங்க?"

கூட்டம், அதாவது குலம், தெரியாமல் எங்கள் பக்கம் ஒருவரோடு ஒருவர் காப்பி கூடக் குடிக்கமாட்டோம். எல்லாம் ஒரே கூட்டம்தான், தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள் என்றேன். மாஸ்டர் கல்லை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "கழட்டி வெச்சுருங்க. பொண்ணு குடுக்க வாரவிங்க பாத்தா நல்லா இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கழற்றவில்லை. சுவரில் வேறு யாரும் இல்லை.

அந்தப் புத்தகத்தில் என்னைப் போன்றவர்கள் நிறைய இருந்தார்கள். பெற்றவர்கள் மலையில் விட்டுவந்த பிள்ளை, கடலில் விட்ட பிள்ளை, ஆடு மேய்ப்பவர் எடுத்து வளர்த்த பிள்ளை. எல்லோரும் வளர்ந்து மாவீரர்களாகிப் பூதங்களைக் கொன்றார்கள். நான் மட்டும் பனியன் சைஸ் குறைந்து வந்ததாகப் புகார் எழுதியவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடமே எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயமானதும் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், எனக்கு ஒரே ஒரு கவலை. எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. தாலி கட்டுவதற்கு முன், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவனுடைய அக்காவோ தங்கையோ மணப்பெண் மாதிரி அலங்கரித்துக்கொண்டு வந்து நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, மறுமுனையை அவள் பிடித்துக்கொள்வாள். புதிதாக ஒருத்தி வந்தாலும் உன்னை விடமாட்டேன் என்று உடன்பிறந்தவளுக்குக் கொடுக்கிற வாக்கு அது. உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி நிற்பாள். சேலையின் மறுமுனையை என் அக்கா பிடிக்க வேண்டும். கல்யாணத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராபுரம் பஸ் ஏறி அவிநாசிபாளையத்தில் இறங்கினேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த தோட்டம் அங்கிருந்து ஒரு மைல். என்னைப் பார்த்ததும் அவள் அரிசி மாவை வேகவைத்துச் சந்தகை பிழிய உட்கார்ந்துவிட்டாள். இடியாப்பம் மாதிரிதான், சின்ன வயதில் எனக்கு உயிர் அது. சந்தகைக்கு இரண்டு ஆள் வேண்டும். வெந்த மாவை உருட்டி அச்சில் போட ஒருவர், கைப்பிடியை அழுத்திப் பிழிய ஒருவர். அவள் அடுப்பின் பக்கம் உட்கார்ந்து உருட்டிப் போட்டாள், நான் பிழிந்தேன். வந்த விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் கிரேக்க நாட்டுக் கதையை ஆரம்பித்தேன்.

ஹீரா தனக்குப் பிறந்த கால் ஊனமான பிள்ளையை மலை உச்சியிலிருந்து வீசி எறிந்ததைச் சொன்னபோது அவள் கை நின்றது.

"பெத்தவளேவா வீசிப்போட்டா?"

"ஆமாங்கக்கா. கடல்ல ரண்டு பொம்பளைங்க எடுத்து வளத்துனாங்களாம்."

"வளத்துனவிங்க நல்லாப் பாத்துக்கிட்டாங்களா?"

"நல்லாப் பாத்துக்கிட்டாங்க."

"அப்பறம் எதுக்கு நெனச்சுக்கிட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையைப் போட்டாள். அவள் அந்தப் பிள்ளையைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சீயஸ் உடன்பிறந்தவளையே கட்டிக்கொண்ட கதைக்கு வந்தேன். அவள் காதைப் பொத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். முகத்தைச் சுளித்தாள், சரி. ஆனால் அடுத்து அவள் கேட்டது நான் எதிர்பார்க்காதது.

"அப்ப அவனுக்கு இணைச்சீர் ஆரு செஞ்சாங்க?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. "சிரிக்காத கண்ணு. கூடப் பொறந்தவளே பொண்ணா மணையில உக்காந்துட்டா, இந்தப் பக்கம் நிக்கறதுக்கு ஆரு இருக்கறா? வேற கூடப்பொறந்தவ இல்லியா?"

இருந்தாள். மூத்தவள், ஹெஸ்டியா. தகப்பன் முதலில் விழுங்கியது அவளைத்தான், அதனால் கடைசியில் வெளியே வந்ததும் அவள்தான். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லி, வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். புத்தகத்தில் மற்றவர்களுக்குப் பக்கம் பக்கமாகக் கதை இருந்தது. அவளுக்கு அரைப்பக்கம்தான். அதைச் சொன்னேன்.

"அவதான் செஞ்சிருப்பா" என்றாள் அக்கா, தீர்த்துச் சொல்லிவிடுகிற மாதிரி. "மூத்தவ இருக்கறப்ப வேற ஆரைக் கூப்புடுவாங்க?"

அப்போது சொன்னேன். எனக்குக் கல்யாணம், நீங்கள்தான் இணைச்சீருக்கு நிற்க வேண்டும் என்று. அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உடனே அதை மறைத்துக்கொண்டு, "நீ கூப்புட்டா வரப்படாது கண்ணு. உங்கம்மா வெத்தலை பாக்கோட வந்து கூப்புடோணும். மொறையின்னு ஒண்ணு இருக்குதல்ல" என்றாள். அம்மாவை அனுப்புகிறேன் என்றேன். நிச்சயமாக அனுப்புகிறேன் என்று இரண்டாம் தடவையும் சொன்னேன். எந்தச் சேலை கட்டட்டும் என்று அவள் கேட்டாள். எதைக் கட்டினாலும் நன்றாக இருக்கும் என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு என்னவோ பாட வேண்டும் போல இருந்தது.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் அம்மாவிடம் பேச்செடுத்தேன். அம்மா களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பங்காளி பெண்ணை ஏற்கனவே சொல்லி வைத்துவிட்டதாகச் சொன்னார். அக்காதானே நெருங்கின முறை என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"பந்தல்ல உக்காந்திருக்கற சனம் என்ன பேசும் சாமி? கூடப் பொறந்தவ வந்து நிக்கறா பாருன்னு பேசும். மஞ்சத்தண்ணி குடிச்சன்னைக்கே நீ எம்பட பையன். கல்யாணத்தன்னைக்கு அவ வந்து நின்னுட்டா, நான் ஆரு? சோறாக்கிப் போட்டவளா?"

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மிளகாய் நெடியில் கண் சிவந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த அம்மாவுக்கும் என்னை விட்டால் ஆள் இல்லை. இருபது வருடமாக ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தே என்னை வளர்த்தவர். அக்கா நிற்கவில்லை என்றால் நான் மணையில் உட்காரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரிங்கம்மா என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

அதோடு விட்டேனா? அக்காவிடம் போய் இப்படி ஆகிவிட்டது என்றாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் முகம் இல்லை. அக்கம்பக்கத்துச் சொந்தங்களுக்கு எல்லாம் அப்பாவும் அம்மாவும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார்கள். தபாலில் அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலை அப்பா என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டியலில் நாலாவது பெயர் அக்காவின் வீட்டுக்காரருடையது. எங்கள் பக்கம் நெருங்கின சொந்தத்துக்குத் தபாலில் பத்திரிகை அனுப்புவது வராதே என்று சொல்வதற்குச் சமம். அந்த விலாசத்தை, கல்கத்தா வியாபாரிக்கு எழுதுகிற அதே முத்து முத்தான கையெழுத்தில் நானே எழுதினேன். உள்ளே இரண்டு வரி எழுதி வைக்கலாம் என்று பேனாவை எடுத்து, என்ன எழுதுவதென்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன். தபாலில் வந்ததைப் பார்த்தாலே புரிந்துகொள்வாள், எதிர்பார்க்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதம் எழுதிப் பிழைக்கிறவன் செய்த காரியம் அது.

கல்யாணத்தன்று பங்காளி வீட்டுப் பெண் பட்டுச்சேலை கட்டி என் பக்கத்தில் வந்து நின்றாள். நல்ல பெண்தான். தோழிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சேலை முனையைப் பிடித்திருந்தாள். என் பக்கத்து முனை இரண்டு தடவை கக்கத்திலிருந்து நழுவியது, சீர் செய்த பெரியவர் இரண்டு தடவையும் எடுத்துச் செருகினார். பந்தலில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேருக்கு நடுவில் நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவும் அதைக் கவனித்துவிட்டார்.

எட்டு மாதம் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. கம்பெனியில் வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனியும் போகாவிட்டால் எப்போதும் போகமாட்டேன் என்று தோன்றிப் பஸ் ஏறினேன். தோட்டத்தில் அக்கா வீட்டுக்காரர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கோபக்காரர் இல்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னார்.

"காயிதம் வந்தப்பவே நாஞ் சொன்னனுங்க மாப்ளே, இது அவ்வளவுதான்னு. அவ கேக்குலீங்க. காயிதம் முன்னால வரும், ஆளு பின்னால வருமின்னா. கல்யாணத்துக்கு முந்தி மூணு நாளு அவ தோட்டத்து வேலைக்கே வருலீங்க. ஊட்டுல ஆளில்லைன்னு திரும்பிப் போயிருவாங்கன்னு. அன்னைக்கு விடியறதுக்குள்ள தண்ணி வாத்து, பட்டுச்சேலை கட்டி, பூ வெச்சு உக்காந்திருந்தா. முகூர்த்தம் தாண்டி வெயிலேறுன பொறகுதான் சேலைய மாத்துனா."

அங்கிருந்து வீட்டுக்கு நடந்தது எப்படி என்று நினைவில்லை.

அக்கா, வா கண்ணு என்றாள். புதுப்பெண்ணை ஏன் கூட்டி வரவில்லை என்று திட்டினாள். அரிசி மாவை வேகவைத்தாள். சந்தகை அச்சை எடுத்து வைத்து, அடுப்பின் பக்கம் முன்பு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். நானும் கைப்பிடியைப் பிடித்தேன். கல்யாணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவிக்குச் சமைக்கத் தெரியுமா, மாமனார் வீட்டில் எத்தனை மாடு என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். பனியன் சைஸ் குறைந்ததற்கெல்லாம் அத்தனை அழகாக மன்னிப்பு எழுதியவனுக்கு ஒரு சொல் வரவில்லை.

பாதி மாவு ஆனபோது அவளே கேட்டாள்.

"அந்த அடுப்படிச் சாமி, மூத்தவ... அவளைக் கடைசியில கூப்புட்டாங்களா கண்ணு?"

கூப்பிட்டார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். புத்தகத்தைப் படித்தவன் நான் ஒருவன்தானே.

"இல்லீங்கக்கா. கூப்புடலீங்க."

"காயிதம் கூடப் போடுலியா?"

"காயிதம் போட்டாங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அடுத்த உருண்டையை அச்சுக்குள் போட்டு, புழி என்றாள். அழுதுகொண்டேதான் பிழிந்தேன்.